ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் வேலை

“இந்தியாவுல இனிமே எந்த மெஷினுக்கும் மனுஷன் காவல் உக்கார வேண்டியதில்ல. அந்தப் பிரச்சினைய நான் தீத்துட்டேன்.”

தர்மராஜ் இதைச் சொன்னது 1986-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில். உலகத்துக்கு அறிவிக்கிற விஷயம் என்பதால் எழுந்து நின்று சொன்னான். உலகத்தின் சார்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் டீ மாஸ்டர். இன்னொருவர் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருந்த பெரியவர். மூன்றாவது ஆள் அவனுடைய சித்தி அம்சவள்ளி.

“உக்காந்து குடிடா, சட்டையில ஊத்திக்காத” என்றாள் சித்தி.

தர்மராஜுக்கு வயது இருபத்தொன்று. திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். பெஞ்சில் அவன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் பிஸ்கட் இல்லை. நாற்பது கால் வைத்த கறுப்புச் சிப் ஒன்று இருந்தது. மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். மெட்ராஸில் வாங்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பெரம்பலூர் தாலுகாவில் சொன்ன பேச்சைக் கேட்கிற பொருள் என்று எதுவுமே இருந்ததில்லை என்பது அவனுடைய ஆராய்ச்சி முடிவு. ஆராய்ச்சி செய்தவனும் அவனே, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனும் அவனே.

டப்பா போக வேண்டிய இடம் அரியலூர் ரோட்டில் இருந்த சுண்ணாம்புக்கல் மில். குவாரியிலிருந்து வரும் கல் ஒரு ரப்பர் பெல்ட்டில் ஏறி கிரஷருக்குப் போகும். போகிற வழியில் மண்கட்டி, வேர், உதவாத கல் எல்லாவற்றையும் பெல்ட் ஓரத்தில் நின்று எட்டுப் பெண்கள் பொறுக்கி எறிவார்கள். புடவைக்கு மேலே புருஷன்மாரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிற அந்த எட்டுப் பேரில் அம்சவள்ளியும் ஒருத்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெல்ட்டின் உருளையில் அவள் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றைக்குப் பெல்ட் நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று யாராவது கேட்டால், “ரெண்டு வெரல் நேரம்” என்பாள்.

தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. பெல்ட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் பேனல் ரூமில் இருந்தது. அதற்குக் காவல் ராசாங்கம். அவர் உட்காரும் இடத்திலிருந்து பெல்ட் தெரியாது. நடுவில் கல் கொட்டுகிற தொட்டி மறைக்கும். கத்தினால் கேட்காது. கிரஷர் ஓடும்போது தும்மினால் தும்மியவனுக்கே கேட்காது.

அம்சவள்ளியின் விரல் போன மறுவாரம் பெண்கள் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேனல் ரூம் ஜன்னலுக்கு வெளியே, ராசாங்கத்தின் காதுக்கு நேராக, ஒரு தகரத்தைத் தொங்கவிட்டார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் விக்கிரமங்கலத்துப் பொன்னாயி. பெல்ட் ஓடுகிற நேரம் முழுக்க அவள் ஒரு கல்லால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாள். டங். டங். டங். தட்டுகிற கையின் மணிக்கட்டில் ஒரு கயிறு. அது பெல்ட்டின் நீளம் முழுவதும் ஓடும். யாருக்கு என்ன ஆனாலும் கயிற்றை ஒரு இழு இழுத்தால் போதும், பொன்னாயியின் கை நின்றுவிடும். தகரம் நின்றால் ராசாங்கம் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். மூன்றில் சிவப்புப் பொத்தான்.

அதாவது, சத்தம் கேட்டால் எல்லாம் நலம். கேட்கவில்லை என்றால் ஆபத்து. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நகம்கூடப் போகவில்லை.

தர்மராஜால் இதைச் சகிக்க முடியவில்லை.

“திருடன் வந்தா கத்துவாங்க. நாயமான ஊர்ல அதான் வழக்கம்” என்றான் டீ மாஸ்டரைப் பார்த்து. “இவங்க என்ன பண்றாங்க தெரியுமா? திருடன் வரல, வரல, வரலன்னு எட்டு மணி நேரம் கத்துறாங்க. ஒண்ணும் ஆகலன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு!” ஸ்பூனை எடுத்தான். கண்ணைப் பாதி சொருகிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கிளாஸில் டிங், டிங் என்று தட்டிக்காட்டினான். அச்சு அசல் பொன்னாயி. டீ மாஸ்டர் வாய் கொள்ளாமல் சிரித்தார். ஏலாக்குறிச்சிப் பெரியவர்கூட வந்த காரியத்தை மறந்து சிரித்தார்.

“எனக்கு மிச்சமிருக்கற எட்டு வெரலும் அந்தத் தட்டுல பொழச்சதுடா” என்றாள் சித்தி. “வா, பஸ் வந்துடுச்சு.”

மில் மானேஜரின் பெயர் ஆண்டவர். அதனால் மில்லில் யார் என்ன பேசினாலும் பாதி ஜெபம் போலவே இருக்கும். அவரிடம் தர்மராஜ் ஏற்கெனவே அரை மணி நேரம் விளக்கியிருந்தான். பெல்ட் ஓரத்தில் ஒவ்வொருவர் கைக்கும் எட்டுகிற மாதிரி ஒரு பொத்தான். யார் அமுக்கினாலும் டப்பாவுக்குத் தெரியும். டப்பாவிலிருந்து ஒரே ஒரு ஒயர் பேனலுக்கு. அரை நொடியில் பெல்ட் நிற்கும். ஆண்டவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டதில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“அப்ப அந்தத் தட்டுற பொம்பள சும்மாதான இருக்கும்?”

“ஆமா சார்.”

“அதுவும் கல்லு பொறுக்கட்டும். ஒம்போது பேராச்சு. பெல்ட்டோட வேகத்தயும் கொஞ்சம் கூட்டிக்கலாம். திங்கக்கெழமையிலேர்ந்து.”

“தாராளமா சார்” என்று தர்மராஜ் சொன்னான். யோசிக்காமல் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் தகரம் போயிற்று, கயிறு போயிற்று. வருகிற திங்கட்கிழமை முதல் ஒன்பது பெண்களின் கைக்கும் ஒரு பிஸ்கட் டப்பாதான் பொறுப்பு.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பெல்ட்டில் கல் இல்லாமல் சோதனை. பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். பேனலுக்குள் ‘வெளியிலிருந்து நிறுத்த’ என்று ஒரு முனை இருந்தது. மில் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. அந்த முனையில் வோல்ட் ஏறினால் பெல்ட் நிற்கும் என்று வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது தர்மராஜ். டப்பாவின் ஒயரை அதில் முறுக்கினான்.

“பாத்துக்குங்க பொன்னாயிக்கா. நடுவுல ஆளே கெடையாது. மூளையிலேர்ந்து நேரா பேனலுக்கு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன் தம்பி” என்றாள் பொன்னாயி. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக பெல்ட் ஓடும்போது அவள் கை சும்மா இருந்தது. அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் புடவையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சித்தி பொத்தானை அமுக்கினாள். டப்பாமேல் இருந்த சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெல்ட் ஓடியது. மறுபடி அமுக்கினாள். விளக்கு எரிந்தது. பெல்ட் ஓடிக்கொண்டேயிருந்தது.

ராசாங்கம் ஜன்னலில் தலையை நீட்டினார். “என்ன தம்பி, சொல்லிடுச்சா?”

“சொல்லிடுச்சுண்ணே.”

“யார்கிட்ட?”

தர்மராஜ் மீட்டரை எடுத்து ஒயரில் வைத்தான். நாலே முக்கால் வோல்ட். சிப்பின் உலகத்தில் அதுதான் உச்சக் குரல். அதற்குமேல் அதற்குத் தொண்டை கிடையாது. பேனலில் இருந்தவையோ பதினைந்து வோல்ட்டில் வாழ்கிறவை. மோட்டாரும் கிரஷரும் கிளப்புகிற மின்சார இரைச்சலைக் காதில் வாங்கக் கூடாது என்றே அவற்றை அப்படிச் செய்திருந்தார்கள். ஏழெட்டு வோல்ட்டுக்குக் கீழே எது வந்தாலும் அவற்றுக்கு அது இரைச்சல்தான். தர்மராஜின் செயற்கை மூளை உயிரைக் கொடுத்துக் கத்தியதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தன.

“குசுகுசுங்குதா தம்பி ஒங்க டப்பா?” என்று பொன்னாயி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் மனிதன் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். சிப்புக்குத் தொண்டை இல்லை என்றால் கொடுத்துவிட்டால் போச்சு என்று, பேனலின் பதினைந்து வோல்ட்டிலிருந்து மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போட்டு, நேராகச் சிப்பின் காலில் கட்டினான். ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சிவப்பு விளக்கு தானாக எரிந்தது, தானாக அணைந்தது. சிப்பைத் தொட்டுப் பார்த்த தர்மராஜ் விரலை வாயில் வைத்துக்கொண்டான். ஐந்து வோல்ட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரே வாயில் பதினைந்தைக் குடித்துவிட்டுச் செத்துப்போயிருந்தது.

“இன்னொண்ணு இருக்கா?” என்று சித்தி கேட்டாள்.

இருந்தது. காலேஜுடையது. லேபில் புஷ்பவல்லி மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி, கையெழுத்துப் போட்டு, அதே புரோகிராமை ஏற்றி வாங்கி வந்தது. அதுவும் போனால் மேடத்தின் முகத்தில் விழிக்க முடியாது என்பது இருக்கட்டும், திங்கட்கிழமை பெல்ட் ஓரத்தில் நிற்கப்போகிற ஒன்பது பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவன் முதல் தடவையாக யோசித்தான். பெரம்பலூர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தான். யாரிடமும் எதுவும் அறிவிக்கவில்லை.

குன்னம் தாண்டும்போது வழி பிடிபட்டது. சிப் கத்தவே வேண்டாம். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போதும். சிப் அதை லேசாகத் தொட்டால் போதும். பதினைந்து வோல்ட் பேனலிலிருந்தே, பேனலின் செலவிலேயே, ஒரு ரெசிஸ்டர் வழியாக வந்து காத்திருக்கும். டிரான்சிஸ்டர் அதைப் பிடித்து இறக்கும், அல்லது விட்டுவிடும். வேலை அவ்வளவுதான். மில்லிலும் அப்படித்தான், கயிற்றை இழுக்கிறவளுக்குப் பலம் தேவையில்லை. சத்தம் பொன்னாயியின் கையிலும் தகரத்திலும் இருந்து வருகிறது. இந்த ஒற்றுமை தர்மராஜுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதும் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்சீட்டில் எழுதியிருந்த ‘புகைபிடிக்காதீர்’ என்பதைக் கவனமாகப் படித்தான்.

பெரம்பலூரில் இறங்கியதும் நல்லதம்பி ரேடியோ கடையில் நான்கு டிரான்சிஸ்டர் வாங்கினான்.

“என்ன, ஆம்ப்ளிஃபயரா?” என்று நல்லதம்பி கேட்டார்.

“இல்லண்ணே. நடுவுல உக்காற ஆளு.”

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. ராசாங்கமும் சித்தியும் இவனுக்காக வந்திருந்தார்கள். ஆண்டவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். தர்மராஜ் இரண்டாவது சிப்பை மாட்டி, நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்து, ராசாங்கத்தை பெல்ட்டைப் போடச் சொன்னான். பெல்ட் அசையவில்லை. சித்தி பொத்தானை அமுக்கினாள். ஓடியது. கையை எடுத்தாள். நின்றது.

“ஆபத்து வந்தாதான் ஓடும்போல” என்றார் ராசாங்கம். “இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு.”

டிரான்சிஸ்டரின் குணம் அது. சிப் மேலே ஏற்றினால் அது கீழே இறக்கும். சிப் இறக்கினால் அது ஏறவிடும். சொன்னதைத் தலைகீழாகச் சொல்கிற தூதன். சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, புரோகிராமைத் திருப்பி எழுதுவது. சிப்பில் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிற மெஷின் திருச்சி லேபில் இருந்தது. லேப் சாவி புஷ்பவல்லி மேடத்திடம். மேடம் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். இன்னொரு வழி, இன்னொரு டிரான்சிஸ்டர். தலைகீழைத் தலைகீழாக்கினால் நேராகிவிடும். பத்து நிமிஷ வேலை.

பத்து நிமிஷ வேலையைச் செய்தான். பெல்ட் தானாக ஓடியது, அமுக்கினால் நின்றது. ஆண்டவர் வந்து ஐந்து முறை அமுக்கிப் பார்த்தார். ஐந்து முறையும் நின்றது.

“மூள இருக்குய்யா” என்றார் ஆண்டவர். டப்பாவையா தன்னையா என்று தர்மராஜ் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் ஒன்றுதானே. டப்பா பேசினால் ஆபத்து, பேசாவிட்டால் நலம். நாகரிகமான ஏற்பாடு. அந்த டப்பாவுக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன பேசும் என்று அவன் நினைக்கவில்லை. அப்போது அதை அவனிடம் கேட்கிற ஆளும் அங்கே யாருமில்லை.

திங்கட்கிழமை காலை பெல்ட் வேகமாக ஓடியது. ஒன்பது பெண்கள் நின்றார்கள். தகரத்தைக் கழற்ற யாருக்கும் நேரமில்லாததால் அது அங்கேயே தொங்கியது.

பேனல் ரூமில் ராசாங்கம் தவித்துப்போனார். ரெண்டு வருஷமாக அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த டங் டங் இல்லை. இல்லையென்றால் அவருக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், ஒன்று, இரண்டு, மூன்று. எட்டரை மணிக்கு அவரையறியாமல் கை சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது. பெல்ட் நின்றது. ஒன்பது மணிக்கு மறுபடி. பத்து மணிக்குள் நான்கு தடவை.

ஆண்டவர் வந்தார். “ஓய், ஒமக்கு என்ன கை நடுக்கமா?”

“சத்தமில்லாம இருந்துச்சு சார்.”

“அதுக்குத்தானய்யா டப்பா! இன்னொரு தடவ சும்மா நிறுத்தினீர்னா நாளைக்கு குவாரில லாரி எண்ணப் போயிடுவீர்.”

ராசாங்கம் அதற்குப் பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றரை மணி இருக்கும். கரண்ட் ஒரு முறை மங்கி எழுந்தது. அரியலூர்ப் பக்கத்தில் அதையெல்லாம் யாரும் ஒரு செய்தியாக மதிப்பதில்லை. கிரஷர் ஒரு முனகல் முனகிவிட்டுப் பழையபடி ஓடியது. டப்பாமேல் உயிர் இருக்கிறது என்று காட்டுகிற பச்சை விளக்கு அணைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. தர்மராஜ் பத்தடி தள்ளி, கல் இறக்க வந்த லாரி டிரைவரிடம், இரண்டாயிரமாவது வருஷத்தில் லாரியே தானாக ஓடும் என்று காதில் கத்தி, கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

பெல்ட் ஓரத்தில் கைகள் ஆடுவதைத்தான் முதலில் பார்த்தான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. எட்டுப் பெண்களும் வாயைத் திறந்திருந்தார்கள். ஒன்பதாவது பெண் பாதி குனிந்திருந்தாள். மற்றவர்களிடம் புருஷனின் பழைய சட்டை இருந்தது. ரெண்டு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்த பொன்னாயிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு வேரை எட்டிப் பிடிக்கக் குனிந்தபோது முந்தானையை உருளை வாங்கிக்கொண்டது. இப்போது அங்குலம் அங்குலமாக அவளையும் வாங்கிக்கொண்டிருந்தது. சித்தி காலைக் கம்பியில் உதைத்துக்கொண்டு, பொன்னாயியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் சாய்ந்திருந்தாள். மற்றவர்கள் பொத்தான்களை அமுக்கினார்கள், குத்தினார்கள். 

தர்மராஜ் டப்பாவைப் பார்த்தான். பச்சை இல்லை. ஓடினான்.

பேனல் ரூம் கதவு மறுபக்கம் இருந்தது. தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஜன்னல் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்புப் புழுதி. உள்ளே ராசாங்கம் கைகள்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே! நிறுத்துங்கண்ணே!” கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. தரையில் கிடந்த கல்லை எடுத்தான். எதிரில் தகரம் தொங்கியது. அடித்தான். டங்டங்டங்டங்டங் என்று கை போன போக்கில் அடித்தான்.

ராசாங்கத்துக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. இந்தப் பக்கம் திரும்பி, ரொம்ப நாளைக்கப்புறம் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி சிரித்து, தலையை ஆட்டினார். எல்லாம் நலம். அதுவும் சாதாரண நலம் இல்லை, அமோகமான நலம்.

தர்மராஜ் இன்னும் வேகமாக அடித்தான். ராசாங்கம் இன்னும் நன்றாகச் சிரித்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கல்லைக் கீழே போட்டான். ஆடிக்கொண்டிருந்த தகரத்தைக் குழந்தையை வாரி எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, அதிர்வுகூட இல்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தகரத்தின் ஓரம் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை.

ஒன்று.

ராசாங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு.

தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அவர் கதவுப் பக்கம் பார்த்தார், ஆண்டவர் வருகிறாரா என்று. வேலை போய்விடும் என்று பயந்த மனிதனின் கண் அது. தர்மராஜ் ஜன்னலுக்கு வெளியே தகரத்தைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, அசையாமல் நின்றான். அந்தக் கண் திரும்பி வந்து தகரத்தைப் பார்த்தது.

மூன்று.

பெல்ட் நின்றது.

பொன்னாயியின் முழங்கையில் தோல் ஒரு சாண் நீளத்துக்கு வழன்றிருந்தது. புடவை இடுப்புவரை உருளைக்குள் போயிருந்தது. சித்தி தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டாள். கிரஷரையும் நிறுத்திய பிறகு வந்த அமைதியில் எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“கைய மடக்கு பாப்போம்” என்றாள் சித்தி.

பொன்னாயி மடக்கினாள். மடங்கியது. விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். பத்தும் ஆடின. பிறகு உருளையில் சிக்கிக் கிடந்த கிழிசலைப் பார்த்து அழுதாள். “அது எங்க அண்ணன் எடுத்துக் குடுத்த பொடவ.”

தர்மராஜ் அவள் எதிரில் நின்றான். உள்ளங்கை ரத்தத்தைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.  

“ஒன் கையில என்ன?” என்று பொன்னாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

ஆண்டவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கரண்ட்டைச் சொல்லலாம். மின்சார வாரியத்தைத் திட்டினால் அரியலூரில் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. தர்மராஜ் வாயைத் திறந்தான்.

“டப்பா செத்துப்போச்சு சார். செத்தது யாருக்கும் தெரியல. அது பேசாம இருந்தா நல்லதுன்னு நான்தான் வச்சிருந்தேன். தப்பு என்னோடது.”

“சரி, இப்ப என்னாங்கறே?”

“ரெண்டாவதா போட்டனே ஒரு டிரான்சிஸ்டர், அத எடுத்துடணும். ஒண்ணு மட்டும் இருக்கட்டும். புரோகிராமத் திருப்பி எழுதணும். சிப்பு எந்நேரமும் ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு பேனலுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அது சொல்ற வரைக்கும்தான் பெல்ட் ஓடணும். பொத்தான அமுக்கினாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, ஒயர எலி கடிச்சாலும் சரி, சிப்பு வாய மூடின ஒடனே பேனலோட பதினஞ்சு வோல்ட்டே ஏறி பெல்ட்ட நிறுத்திடும்.”

ஆண்டவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். “இத எங்கியோ கேட்ட மாதிரி இருக்கே.”

சித்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வேர்வை இருந்தது உண்மைதான். ஆனால் அவ்வளவு நேரம் துடைக்கிற அளவுக்கு இல்லை.

“எத்தன நாளாகும்?”

“வியாழக்கெழம லேபு தொறப்பாங்க சார். வெள்ளிக்கெழம கொண்டாந்துடுவேன்.”

“வெள்ளி வரைக்கும் மில்ல மூடிட்டு நான் ஏலாக்குறிச்சிக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தவா?”

ராசாங்கம் தொண்டையைச் செருமினார். “தகரம் இருக்குதுங்களே சார்.”

எல்லோரும் பொன்னாயியைப் பார்த்தார்கள். அவள் கையில் சித்தி கட்டிய துணி நனைந்திருந்தது. தூக்கிப் பிடித்த முழங்கையை இறக்க முடியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“வேகத்தயும் பழயபடி கொறச்சிடுங்க சார்” என்றான் தர்மராஜ்.

அவன் பதிலுக்கு நிற்காமல் பேனல் ரூம் பக்கம் நடந்தான். ஸ்டூல் தொட்டி ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, தகரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். சுருட்டிப் போட்டிருந்த கயிற்றை அவிழ்த்தான். ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டில் முடிச்சுப் போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. பெல்ட் ஓரத்திலிருந்து கல்யாணி என்கிற பெண் வந்து போட்டுவிட்டுப் போனாள். கயிறு பெல்ட் ஓரமாக, ஒவ்வொரு கையாக மாறி, கடைசி வரை போய்ச் சேர்ந்தது.

ராசாங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தர்மராஜ் கல்லை எடுத்தான்.

டங்.

பெல்ட் ஓடியது.

மூச்சுக்கு ஒரு தட்டு என்பது கேட்க எளிது. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கனத்தது. ஒரு மணி நேரத்தில் கிழிந்த உள்ளங்கையில் கல் ஒட்டிக்கொண்டது. கொட்டாவி வந்தது, தட்டிக்கொண்டே விட்டான். மூக்கில் புழுதி ஏறித் தும்மல் வந்தது, தும்மும்போதும் தட்டினான். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. எதையாவது நினைத்தால் கை மெதுவாகிறது. கை மெதுவானால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ராசாங்கத்தின் உதடு அசைய ஆரம்பிக்கிறது. கண்ணைப் பாதி சொருகிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் தாங்க முடிந்தது.

மூன்று மணி சுமாருக்கு மணிக்கட்டில் கயிறு வெடுக்கென்று இழுத்தது. அவன் கை அந்தரத்தில் நின்றது.  ஒன்று, இரண்டு, மூன்று. பெல்ட் நின்றது. தர்மராஜ் எழுந்து தொட்டியைச் சுற்றி எட்டிப் பார்த்தான். ஒன்பது இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். எல்லோர் கையும் வெளியே இருந்தது.

“சும்மாதான்டா” என்று சித்தி கிட்டே வந்து அவன் காதில் கத்தினாள். “வேல செய்யுதான்னு பாத்தேன்.”

அவன் தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். ராசாங்கம் பெல்ட்டைப் போட்டார். சாயங்காலச் சங்கு ஊத இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வலது கை மரத்துப்போயிருந்தது. முடிச்சை அவிழ்க்காமலே கயிற்று வளையத்தை இடது மணிக்கட்டுக்கு நழுவவிட்டான். கல்லை வலது கையிலிருந்து இடது கைக்கு, இரண்டு தட்டுக்கு நடுவில், ஒரு தட்டும் தவறாமல் மாற்றிக்கொண்டான்.